அமுதவள்ளி ஜாதகம்

மூன்றாவது முறையாக ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு இடப்பக்கம் சங்கரபாண்டி அண்ணாச்சி, இந்தத் திருமண தகவல் மையத்தின் முதலாளி. வலப்பக்கம் முத்துச்செல்வி, அவரிடம் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண். நடுவில் நான், கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜெஸ்டின்.

இன்னும் பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஃபேன் என்னவோ நன்றாகத்தான் ஓடியது.

பத்து நாளாக முத்துச்செல்வி ஏற்றுகிற புது ஜாதகம் ஒன்றுகூட நிற்கவில்லை. சாயங்காலம் இருக்கும், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் இருக்காது. சில சமயம் வேலையின் நடுவிலேயே திரை நீலமாகி நின்றுவிடும். திரும்ப வரும்போது அன்றைக்கு ஏற்றியதெல்லாம் போயிருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்திருந்தது. கல்யாணம் முடிந்த வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கும் பழமும் வந்ததும் அந்த ஜாதகத்தை எடுத்துவிடுவது இங்கே வழக்கம். அப்படி முத்துச்செல்வி எடுத்த அமுதவள்ளியின் ஜாதகம் மறுநாளே பட்டியலில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அதைக் கவனிக்காமல் அண்ணாச்சி புதூர்ப் பார்ட்டி ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர்கள் பெண் வீட்டுக்குப் போன் போட, போனை எடுத்தது மறுவீட்டுக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை.

நேற்று அந்த வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்து இதே மேஜையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மெசின் நல்லா இருக்குன்னு மட்டும் நீங்க சொல்லுங்க தம்பி. புதுசை அழிச்சு அடுத்த தெரு சென்டருக்குக் கொடுக்கா, எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. இன்னையோட இவ இங்கன வர வேண்டாம்."

அவள் அங்கே இல்லாதது மாதிரிதான் பேசினார்.

முத்துச்செல்வி இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஜாதகம் திருடினாள் என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் இந்த ஊரில் எந்த ஆபீஸிலும் அவளை உட்கார வைக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரை வந்தது.

ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் நான் இரண்டு காரியம் செய்திருந்தேன். என் பெயரில் புதிதாக ஒரு ஃபைல் போட்டிருந்தேன். அமுதவள்ளியின் ஜாதகத்தை என் கையாலேயே அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தேன்.

என் ஃபைல் இல்லை. அமுதவள்ளி இருந்தாள். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவோடு, உத்திரட்டாதி நட்சத்திரம், எம்.எஸ்ஸி., பி.எட்.



இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. தேய்ந்துபோன டிஸ்க் சிலது இப்படித்தான் உயிரை விடும். ஒருநாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். ஏற்றினால் ஏற்றின மாதிரி காட்டும், அழித்தால் அழித்த மாதிரி காட்டும். அணைத்துப் போட்டால் தாழ்ப்பாள் போட்ட நாளுக்கே போய் நிற்கும்.

பத்து நாளாக இந்தக் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் அழிக்கவில்லை. அழிக்கவே முடியாது. முத்துச்செல்வி வேண்டுமென்று நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது.

டிஸ்க் போச்சு அண்ணாச்சி. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.

வேறொரு ஃபோல்டரைத் திறந்தேன்.

"என்ன தம்பி, மெசின்ல எதும் இருக்கா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி" என்று மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அப்போதுதான் முத்துச்செல்வி வாயைத் திறந்தாள்.

"நாந்தான் அழிச்சிருக்கணும் அண்ணாச்சி. பத்து நாளா யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே அப்படித்தான் தோணுது. என்னையறியாம கை போயிருக்கும். ஆனா யாருக்கும் கொடுக்கல. அதை மட்டும் நம்புங்க."

அழவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அண்ணாச்சி பெரிதாக மூச்சு விட்டார். "விடுங்க தம்பி. மெசினைப் பிரிக்க வேண்டாம்."

அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். என்னைப் பார்த்து, "வாரேண்ணே" என்றாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

ஆடி மாசத்தில் வரன் பார்க்க ஆள் வராது. அதனால் போன ஆடியில்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு டிஸ்க்கை மாற்றித் தரச் சொன்னார். மாற்றினேன். புத்தம் புதுசு என்று சொல்லி நான் மாட்டியது, ஓட்டப்பிடாரத்தில் ஒரு கடையில் எட்டு வருஷம் ஓடித் தேய்ந்து, நான் கழற்றிக்கொண்டு வந்த பழைய டிஸ்க்.

"ஞாயித்துக்கிழமை வந்து சும்மா தூசி தட்டிக் கொடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி" என்றேன்.

அன்றைக்கு நல்ல டிஸ்க் ஒன்றைச் சத்தமில்லாமல் மாட்டிவிடுவேன். அதற்குப் பிறகு எந்த ஜாதகமும் காணாமல் போகாது. முத்துச்செல்வி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்வார்.