பெரிய வளைக்காரன்

கடல் நடுவே ஒரு குட்டித் தீவில் தரைநண்டு ஒன்று இருந்தது. அந்தத் தீவின் வெள்ளைக்கல் வயலுக்கு உரமாகும் என்று, மாதம் தவறாமல் ஒரு கப்பல் வந்தது. கல்லை வெட்டி ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு மாம்பழமும் ரேடியோவும் இறக்கியது. நண்டின் எட்டுக் கால்களுக்கும் நாலு ஜோடி ரப்பர் செருப்புகூட வந்தது.

“தீவே குழியாகிறதே, அண்ணே,” என்றது ஆலாப் பறவை.

“குழியா? அது என் வளை. எங்களில் பெரிய வளைக்காரன்தான் பெரிய ஆள். தோண்டுகிற வேலையும் மிச்சம், மாம்பழமும் லாபம்,” என்று ரேடியோ பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஆடியது நண்டு.

கடைசியில் கரையோரம் ஒரு சுவர்தான் மிஞ்சியது. கப்பல் அதற்கும் விலை பேசியது.

“அதுவும் போனால் கடல் உள்ளே வந்துவிடும். உங்களுக்கோ நீந்தத் தெரியாது,” என்றது ஆலா.

நண்டின் ஆட்டம் ஒரு கணம் நின்றது. இவ்வளவு பெரிய வளைக்கு வாசல் இல்லையே என்பது அதற்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

“வெட்டச் சொல்லு,” என்றது. “பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் கிரகப்பிரவேசம் வைத்தால் ஊர் என்ன சொல்லும்?”

கடல் குடும்பத்தோடு வந்தது.