சக்களத்திச் சண்டை

“அந்தச் சனியனோட மூச்சுக்காத்து இந்தப் பக்கம் வரக் கூடாது நர்சம்மா! வேணும்னா விரல்ல ஊசியால இன்னும் ரெண்டு குத்து குத்துங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்!”

விரலை நீட்டியபடியே மொர்ஜினா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த குடிசையைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் குடிசை வாசலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஜொபேதா, தோஃபசலின் மூத்த மனைவி. மொர்ஜினா இளையவள், மூத்தவள் அந்தக் குடிசைக்குப் போன பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

“போடி மகராணி! உன் மூச்சு பட்டா என் வெத்தல கருகிடும்!” என்று அங்கிருந்து பதில் பறந்து வந்தது.

சக்களத்திச் சண்டை என்றால் டீஸ்தா ஆற்றங்கரை முழுக்க இந்த வீட்டைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

நர்ஸ் லுத்ஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜொபேதாவின் விரல்கள் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அது தொழுநோய் என்று லுத்ஃபா கண்டுபிடித்து மாத்திரை தொடங்கியது போன மாதம்தான். வீட்டிலுள்ள மற்ற இருவரின் ரத்தத்தைச் சோதிக்க இன்று வந்திருந்தாள். ஆளுக்கு ஒரு சொட்டு, ஆளுக்கு ஒரு காகிதப் பட்டை.

“ஒரு கோடு எல்லாருக்கும் விழும்னீங்க. ரெண்டாவது கோடும் விழுந்தா?” என்று கேட்டான் தோஃபசல், புகையிலைக் கட்டின் மேல் உட்கார்ந்தபடி.

“கிருமி உள்ள போயிருக்கு, ரத்தம் அதோட மல்லுக்கு நிக்குதுன்னு அர்த்தம். நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இப்பவே தெரிஞ்சா தடுக்கப் பாக்கலாம்.”

“அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். யாருக்காவது ரெண்டாவது கோடு விழுந்துச்சு, அந்தப் பெருவியாதிக்காரிய இன்னைக்கே படகேத்திடுவேன். யாரும் அவகிட்டப் போகக் கூடாதுன்னுதான் விரல் மரத்தப்பவே குடிசை போட்டுக் கொடுத்தேன்.”

படகேற்றினால் எங்கே போவாள்? ஜொபேதாவின் பிறந்த வீட்டை ஆறு எப்போதோ விழுங்கிவிட்டது. அவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். லுத்ஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாத்திரை சாப்பிடறவங்ககிட்டேருந்து இனிமே ஒட்டாதுங்க. சரி, அவங்களுக்குச் சோறு யாரு கொண்டுபோறா?”

“இவதான். தட்ட வாசல்ல விட்டெறிஞ்சிட்டு, அப்படியே ஒரு மணி நேரம் நல்லாத் திட்டிட்டு வருவா. ஒரு நாள் தவறினதில்ல!” தோஃபசலுக்கு ஒரே பெருமை. “இவ போடற போட்டுலதான் அவ அடங்கிக் கெடக்கா.”

“இன்னிக்கும் இருக்கு அவளுக்கு!” என்று மொர்ஜினா பல்லைக் கடித்தாள்.

லுத்ஃபா பட்டைகளை நிழலில் வைத்துப் பார்த்தாள். தோஃபசலுடையதில் ஒரே கோடு. மொர்ஜினாவுடையதில் அதற்குக் கீழே இன்னொன்று, மருதாணி போலச் சிவப்பாக. சட்டென்று இரண்டையும் பைக்குள் போட்டாள்.

தோஃபசல் எழுந்தே விட்டான். “என்ன மறைக்கிறீங்க? யாருக்கு விழுந்திருக்கு? சொல்லாம இங்கேருந்து நகர முடியாது!”

“இதெல்லாம் நாங்க வெளிய சொல்றதில்ல. தெரிஞ்சே ஆகணும்னா ஊரைக் கூட்டுங்க. உங்க பட்டையையும் சேர்த்தே காட்டறேன்.”

“என்... என் பட்டையா?”

அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஊரு எதுக்கு நர்சம்மா? மாத்திரையக் கொடுங்க, போதும்.”

“மூத்தவங்களப் படகேத்தினா, ஏன்னு ஊரு கேக்குமே?”

“அவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா” என்று முனகிவிட்டு, நோயாளி வீட்டில் எல்லாருக்கும் லுத்ஃபா தரும் தடுப்பு மாத்திரையை விழுங்கினான். புகையிலைக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் லுத்ஃபா மொர்ஜினாவை அடிபம்புப் பக்கம் அழைத்துப் போனாள்.

“ரெண்டாவது கோடு உனக்குத்தான்மா. பயப்படாதே, மாத்திரை தரேன், அடிக்கடி வந்தும் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. தட்ட விட்டெறிஞ்சிட்டுத் தூர நின்னு திட்டறவளுக்கு இது வர்றது கஷ்டம். மாசக்கணக்கா பக்கத்துல உக்காந்து பழகியிருக்கணும்.”

இத்தனை நேரம் கத்திய மொர்ஜினாவின் வாய் கோணிக்கொண்டது.

“கவலைப்படாதே. உன் வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விட மாட்டேன்” என்றாள் லுத்ஃபா.

“அவரு கெடக்கறாரு.” மொர்ஜினா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் குடிசைப் பக்கமே இருந்தது. “அக்காவுக்குத் தெரிய வேணாம் நர்சம்மா. தெரிஞ்சா, நாளையிலேருந்து எனக்குத் தன் கையால ஊட்ட மாட்டா.”