கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு வட்டத் துளை

தகர மூடியைக் கழற்றியதும், அந்தக் கம்ப்யூட்டரை விற்ற கென்னத் மூக்கைச் சுளித்தான்.

கடையில் எப்போதும் இருக்கும் மல்லி, மிளகாய் வாடையையும் மீறிக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது.

"தவுக்கே, இங்க பாருங்க. கீபோர்ட் வயர் செருகுற ஓட்டைக்குப் பின்னால போர்டே எரிஞ்சு கிடக்கு. யாரோ வேற எதையோ செருகியிருக்காங்க. விக்கும்போதே சொன்னேனே, இதுல வேற எதையும் செருகக்கூடாதுன்னு."

சொன்னான்தான். ஆனால் அந்த நேரத்தில் தவுக்கே, அதாவது கடை முதலாளி முருகையா, பெட்டிக்குத் துணியுறை இலவசமாகக் கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மலேசியாவின் பீடோங்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். பேரத்தின் நடுவே வேறு சொல் அவர் காதில் ஏறாது.

இப்போது அவர் கருகிய போர்டைப் பார்க்கவில்லை. ஜோசபினைப் பார்த்தார்.

ஜோசபின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவரின் மகள். சுங்கை பட்டாணி டவுனுக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படித்தவள். தீபாவளிக்குப் பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சம்பளத்தை நம்பி அவள் அப்பா இப்போதுதான், மரம் வெட்ட முடியாத மழை நாளில் வேறு கூலிக்கு ஓடாமல் படுக்கப் பழகியிருந்தார்.

கம்ப்யூட்டர் பக்கம் போகிற ஆள் கடையில் அவள் ஒருத்திதான்.

அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

கணக்கப்பிள்ளை அய்யாவு மிளகாய் மூட்டையோரம் நின்று, சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். முருகையாவுக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே கடைக் கணக்கு அவர் கையில். கம்ப்யூட்டர் வந்த அன்று அவருடைய மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். போன வாரம் இன்னும் கொஞ்சம். இப்போது அது கழிவறைக் கதவை ஒட்டி நிற்கிறது.

இன்னொரு தடவை நகர்த்தினால் உள்ளேதான் போக வேண்டும்.

நேற்றுக் காலை ஜோசபின் கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு, எல்லாருக்கும் தேநீர் வாங்கப் போயிருந்தாள். முருகையா லாரிக்காரனோடு வெளியே சண்டையில் இருந்தார்.

கடை திறந்ததும் சாமிப்பாட்டு போடுகிற பழைய ஜெர்மன் டேப் ரெக்கார்டரின் வயரை எடுத்து, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த கீபோர்ட் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் செருகியவர் அய்யாவு.

இரண்டுக்கும் ஒரே வட்ட முனை, ஒரே ஐந்து முள். பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த ஜோடி போல உட்கார்ந்தது. சின்னதாக ஒரு சத்தம். திரை அணைந்தது.

கீபோர்ட் வயரை மறுபடி செருகி, டேப் வயரைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, ஜோசபின் அவருக்குச் சீனி குறைத்த தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரிப்பேர் பண்ண முடியுமா, முடியாதா?" என்றார் முருகையா.

"இது நீங்க பேரம் பேசி எடுத்த பழைய எண்பத்தி மூணு மாடல் தவுக்கே. இப்ப வர்ற புதுசுல இந்த ஓட்டையே சுண்டுவிரல் அளவுக்குச் சின்னதாயிடுச்சு. இந்த போர்டை பினாங்குல போய்த் தேடணும். பேசாம புதுசா ஒண்ணு எடுத்துருங்க லா."

கென்னத்தும் வியாபாரிதான். சாவு வீட்டில் தொட்டில் விற்பான்.

முருகையா ஜோசபின் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து வர வேணாம்மா."

"நான் எதையும் செருகல முதலாளி. மாதா சத்தியமா." அவள் கை கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அய்யாவு தூசி தட்டுவதை நிறுத்தினார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் முதலாளி செருகினேன். பீப்பு பீப்புன்னு கத்துதே, பாட்டும் பாடும்னு நினைச்சு டேப் வயரைச் செருகிட்டேன்."



முருகையா சிரித்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார். கென்னத்தின் கையிலிருந்த திருப்புளியும் சேர்ந்து குலுங்கியது.

"அண்ணே! கால்குலேட்டரையே பாம்பு மாதிரி பாக்குற ஆளு நீங்க. யாரோ பெத்த புள்ளைக்காகப் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கிறீங்களே. இந்த மனசு எவனுக்கு வரும்?"

வியாபாரத்தில், சொன்ன முதல் விலையைக் கேட்டு வந்தவன் சிரித்துவிட்டு எழுந்தால், பின்னாலேயே ஓடி இரண்டாவது விலையைச் சொல்ல வேண்டும். அதுதான் உண்மையான விலை.

அய்யாவு ஓடவில்லை. அவரும் லேசாகச் சிரித்தார்.

ஜோசபின் தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள். குடையை எடுத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அங்கிள், எனக்காக நீங்க பொய் சொல்லியிருக்கவே வேணாம். ஞாயித்துக்கிழமை பூசையில உங்களுக்காக வேண்டிக்கிறேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் வெயிலில் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பொய்தான் சொன்னார். அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

செருகியது உண்மை. பாட்டுக்காக என்றது பொய்.

நேற்று அந்த டேப் ரெக்கார்டருக்குள் கேசட்டே இல்லை.