குரல் சுற்று

இருபது நொடி ஓடிவிட்டது. இசக்கிராஜ் இன்னும் முதல் சொல்லிலேயே நிற்கிறார்.

"ந... ந... நா..."

அவள் இயர்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அழுத்தினால் அவருக்குச் சொல் வந்துவிடும் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. பத்துப் பேர் பத்து ஊர்களில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஓநாய். மற்றவர்கள் ஊர்க்காரர்கள். ஓநாய் யாரென்று பேசிப் பேசியே கண்டுபிடிக்க வேண்டும். வாக்குப் போட்டு வெளியேற்ற வேண்டும்.

ஆட்டத்தை நடத்துகிற அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்று வருடமாக இந்தக் குழுவில் எல்லாமே எழுத்தில்தான் நடந்தது. எழுத்தில் இசக்கிராஜை மிஞ்ச ஆளில்லை. தென்காசியில் உட்கார்ந்து அவர் நாலு வரி தட்டினால் ஓநாய்க்கு வேர்க்கும்.

குரல் சுற்று அவளுடைய யோசனை. ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் பேச வேண்டும். எழுதக் கூடாது. நடத்துகிறவளுக்கு இந்தச் சுதந்திரம்கூடக் கிடையாதா என்று விதிக் குழுவோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கினாள். ஆட்டம் தொடங்கிய அன்றுதான் எல்லாருக்கும் அறிவித்தாள். ஒரே கைதட்டல்.

நேற்று அவர் தனியாக எழுதினார்.

"எனக்குத் திக்கும் மேடம். போன்னா ரொம்பவே. நான் மட்டும் டைப் பண்ணிக்கிடட்டுமா? யார்ட்டயும் சொல்லிராதீங்க."

சரி என்று தட்டினாள். அனுப்பாமல் அழித்தாள்.

தொடங்கிய ஆட்டத்தில் விதி மாறாது, யாருக்கும் தனிச் சலுகை இல்லை. எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான விதி அது.

விதிகளைப் பார்த்துக்கொள்கிற ராசநாயகத்திடம் கேட்டாள். அவர் பெர்லினில் இருக்கிறார். யாருக்காக, எதற்காக என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"காரணம் சொல்லாமல் ஒராளுக்கு மட்டும் எப்பிடி மாத்திறது?" என்றார் அவர். "போன வருசம் நீங்கள்தானே இந்த விதி வேணுமெண்டு நிண்டனீங்கள்?"

உண்மைதான். யாரோ ஒருவர் தன் நண்பனைக் காப்பாற்ற நடு ஆட்டத்தில் விதியை வளைத்தபோது, அதிகம் கோபப்பட்டவள் அவள்தான்.

விலகிக்கொள்கிறீர்களா என்று இசக்கிராஜைக் கேட்டாள்.

"வேண்டாம். ஒரு நிமிசந்தானே. பேசிப் பாக்கேன்."

நாற்பது நொடி.

"நா... நான்... ஜ... ஜ... ஜெ..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜெயசீலி. அவர் சொல்ல வருவது அந்தப் பெயர்தான்.

ஓநாயின் பெயர்.

மெதுவாகச் சொல்லுங்க, அவசரமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அவள் சொன்னால் போதும். ஆனால் நடத்துகிறவள் இரக்கப்பட்டால், அவர் ஊர்க்காரர்தான் என்று மற்ற ஒன்பது பேரும் ஊகித்துவிடுவார்கள். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஏன் குறுக்கே பேசினாய் என்று கேட்பார்கள். அவர் சொல்லாதீங்க என்றதைத்தான் சொல்ல வேண்டிவரும்.

யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. உடனே மைக்கை அணைத்துக்கொண்டார்கள்.

ஐம்பத்தைந்து.

"ஜெ..."

அறுபது. அவருடைய மைக் தானாக மூடிக்கொண்டது.

அடுத்தது ஜெயசீலியின் முறை. நாகர்கோவில்காரி. கணீரென்ற குரல்.

"உண்மையச் சொல்லுகதுக்கு எதுக்கு இவ்வளவு தடுமாற்றம்? ஒரு வரிகூட வரல்ல, பாத்தீங்களா? எனக்கு வேற யாரு மேலயும் சந்தேகமில்ல."

இருபது நொடியில் முடித்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரியாது. ஆட்டத்தை நன்றாக ஆடுகிறாள், அவ்வளவுதான்.

வாக்குகள் விழுந்தன. இசக்கிராஜுக்கு ஒன்பது. ஜெயசீலிக்கு ஒன்று.

வாசலில் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. முடிவை நடத்துகிறவள்தான் அறிவிக்க வேண்டும்.

'இசக்கிராஜ் வெளியேற்றப்பட்டார். அவர் ஊர்க்காரர்.'

ஐயோ என்றார் ஒருவர். அழுகிற பொம்மைகள் இரண்டு வந்தன. பிறகு மதுரையிலிருந்து ஆடுகிறவர் எழுதினார்.

"குரல் சுற்று செம. இனிமே எல்லா ஆட்டத்துலயும் இத வைக்கணும்."

அதன்மேல் கட்டைவிரல்கள் ஏறின. மூன்று. ஐந்து. எட்டு. ராசநாயகமும் ஒன்று வைத்தார்.

வேண்டாம் என்று எழுதினாள். ஏன் என்று கேட்பார்களே.

அதையும் அழித்தாள்.

வெளியேறியவர்களுக்கென்று தனியாக ஓர் அறை உண்டு. அங்கே பேசுவது ஆடுகிறவர்களுக்குக் கேட்காது. இந்த ஆட்டத்தில் அவர்தான் முதல் ஆள். அறையில் அவரும் அவளும் மட்டும்.

"மன்னிச்சிருங்க" என்று எழுதினாள்.

அவர் படித்துவிட்டார். அங்கே எழுதத் தடையில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். அவர் வேகத்துக்கு ஒரு பக்கம்கூட எழுதியிருக்கலாம்.

அவருடைய மைக் பச்சையாக எரிந்தது.

மூச்சு கேட்டது. பின்னால் எங்கோ மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"ஜ..."

அந்த அறையில் கடிகாரம் கிடையாது.

அவள் காத்திருந்தாள்.