முட்டிக்குக் கீழே சரளை

கோட்டுச்சேரி டியூஷன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை வெயில் சரளைக்கல்லின் மேல் வெள்ளையாகக் கொதிக்கிறது. அதில் முட்டி போட்டிருக்கிறாள் ஏழு வயது சுகிர்தா. வாய்ப்பாடு தப்பிவிட்டதாம். உள்ளே மற்ற பிள்ளைகள் அதே வாய்ப்பாட்டைக் கத்துகிறார்கள். ஒருவரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கும் தியாகேசன் அவளைப் பார்த்ததும் பைக்கை நிறுத்திவிட்டு வருகிறார். "எந்திரிக்கச் சொல்லுங்க சார்." குரல் உயரவில்லை. சிவநாதன் வாத்தியார் பிரம்பால் முதுகைச் சொறிந்துகொண்டே சிரிக்கிறார். "எங்கப்பாகிட்ட படிச்சப்ப நீங்களும் இதே எடத்துல முட்டி போட்டவருதானே? அதனாலதான் இன்னிக்கு சொல்தாவா நிக்கிறீங்க." சொல்தா. பட்டாளத்துக்காரனை ஊர் பெருமையாக அழைக்கும் அந்தச் சொல்லைக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது தியாகேசனுக்கு. பிரம்பைப் பிடுங்கி முறிக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு, சுகிர்தாவின் பக்கத்தில், அதே சரளையில், தடாலென்று முட்டி போடுகிறார். "இவ எந்திரிக்கிற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்." வாத்தியாரின் சிரிப்பு நிற்கிறது. உள்ளே வாய்ப்பாடும் நிற்கிறது. சுகிர்தா மட்டும் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "கையக் கட்டிக்கங்க மாமா. இல்லன்னா அடிப்பாரு." தியாகேசன் குனிந்து பார்க்கிறார். கைகள் எப்போதோ தாமாகவே கட்டிக்கொண்டிருக்கின்றன.