ஸ்டாக் இல்லை

"ஏங்க, இதைப் பாருங்க. உங்க பை ஒண்ணுகூட விக்கிறதுக்கு இல்லையாம்!"

மனைவி போனை மூக்குக்கு நேராக நீட்டினாள். பைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அவர்கள் கடையின் வெப்சைட்தான். போன மாதம்வரை அதில் விலாசமும் போன் நம்பரும் சில படங்களும்தான் இருந்தன. தம்பிதான் ஒற்றைக்காலில் நின்று ஆன்லைன் கடையையும் அதில் சேர்த்தான். "நீங்க பாட்டுக்குத் தைங்கண்ணா, விக்கிறதை நான் பாத்துக்கறேன்" என்றான்.

இப்போது, கம்பெனியில் வாங்கிப் போட்ட பைகளெல்லாம் 'வாங்க' என்ற பட்டனோடு பளிச்சென்று இருந்தன. அவர் கையால் தைத்த தோல் பைகளின்மேல் மட்டும் சாம்பல் பட்டை. 'ஸ்டாக் இல்லை.'

"அலமாரி நிறைய இருக்கேடி!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

மறுநாள் கடையில் தம்பியிடம் மெதுவாகப் பேச்சைப் போட்டார். "ஏம்ப்பா, என் பையெல்லாம் ஸ்டாக் இல்லைன்னு காட்டுதாமே?"

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அது... சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுண்ணா. சரி பண்ணிடறேன்."

"கம்பெனி பைக்கு மட்டும் அந்தக் கோளாறு வரலையா?"

"பாக்கறேண்ணா" என்றவன், ஸ்கிரீனை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கோளாறு சரியாகவில்லை. போன் வந்தால் வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினான். கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிரிக்காமலே மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லண்ணா, சாம்பிள்."

அன்று சாயங்காலம் அந்தச் சாம்பிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி. "கம்பெனி சரக்கே ஓடுதுன்னா, தைக்கிறவர் எதுக்கு? மெல்ல உங்களை ஓரங்கட்டிட்டுத் தனிக்கடை போடப் போறார்."

"சும்மா இரு. நான் தோள்ல தூக்கி வளத்த பையன் அவன்."

"இப்ப தோள்ல நின்னுக்கிட்டுத் தலையில கை வைக்கிறார்."

அதட்டிவிட்டாரே தவிர, அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. தம்பி சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கடைசியில் ஒருநாள் மனைவியையும் கடைக்கு அழைத்து வந்து, போட்டு உடைத்துவிட்டார்.

"கடையைப் பிரிச்சுக்கலாம்ப்பா."

தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"உங்க இஷ்டம்ணா."

"ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

அனுப்ப வேண்டிய பார்சல்களை வாரிக்கொண்டு கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான்.

"பாத்தீங்களா? மூச்சு விடலை. மடியில கனம்" என்றாள் மனைவி.

அவன் தலை மறையவும், ஒரு டீச்சரம்மா விறுவிறுவென்று கடைக்குள் வரவும் சரியாக இருந்தது.

"கடைக்காரத் தம்பி இல்லையா?"

"வெளியே போயிருக்கான். நான் அவன் அண்ணன்."

"அட, நீங்கதானா அது!" ஒரு தோல் பையை மேஜைமேல் வைத்தாள். "உங்க ஆன்லைன் கடையில வாங்கினது. நடுரோட்டுல கைப்பிடி பிஞ்சு, நோட்டெல்லாம் சிதறிடுச்சு. போன்ல நல்லாக் கத்திட்டேன். அனுப்பி வைங்க, மாத்தித் தரேன்னார். இந்தப் பக்கம் வந்தேன், நானே கொண்டாந்துட்டேன்."

பைக்காரர் பையைத் திருப்பிப் பார்த்தார். கைப்பிடி அடியில் குறுக்குத் தையல். முடிவில், அவர் மட்டுமே போடுகிற இரட்டை முடிச்சு.

நூலைத் தொட்டு இழுத்தார். தையல் முழுக்கப் பொலபொலவென்று உருவிக்கொண்டு வந்தது.

கொஞ்ச காலமாக வலதுகை விரல்கள் மரத்துப்போகின்றன. நூலை இறுக்கினோமா இல்லையா என்றே சமயத்தில் தெரிவதில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

"என்னை மாதிரி இன்னும் சில பேர் திருப்பி அனுப்பியிருக்காங்களாம்" என்றாள் டீச்சரம்மா. "பாவம், உங்க தம்பி மறைக்காம ஒத்துக்கிட்டார். 'அதெல்லாம் நான் தைச்சுப் பழகினதும்மா, அண்ணன் கை படவே இல்லை. அதான் விக்கிறதையே நிறுத்தி வெச்சிருக்கேன். அண்ணன் வேலையை மட்டும் தப்பா நினைச்சிடாதீங்க'ன்னு ஒரே கெஞ்சல்."

ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவன் தம்பி.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சரம்மா பையை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணன் சொன்னா கேட்டுக்குவார் போலிருக்கு. இனிமே அவரைத் தைக்க விடாதீங்க சார், நீங்களே தைச்சுக் குடுங்க."