மீசைப் பந்தயம்

"தோத்தவன் மீசையை எடுக்கணும். அதானே பந்தயம்? அப்புறம் இன்னா பாவம், புண்ணியம்?" என்றார் கண்ணையன்.

முனியனின் சலூனில் இருந்த அத்தனை பேருக்கும் எரிச்சலாக வந்தது. தோற்றுக்கொண்டிருந்த வேடியப்பனுக்கு நாலு நாளில் மகள் கல்யாணம்.

எல்லாம் பேப்பர் செய்த வேலை. 1948 சித்திரை அது. உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்தோடேயே செத்துப்போக, காலியான பட்டத்துக்கு ஹாலந்திலும் ருஷ்யாவிலுமாக ஐந்து பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். மதராஸ் ரயிலில் வரும் பேப்பரில் அதைப் படித்துப் படித்து, திருத்தணிக்கு யார் சாம்பியன் என்று இவர்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை. ஆத்திரத்தில் மீசையைப் பந்தயம் வைத்தது வேடியப்பன்தான். கல்யாண நினைப்பு அவருக்கு அப்புறம்தான் வந்தது.

"வுட்டுடுங்க" என்றான் முனியன். "பொண்ணு கல்யாணத்தை வச்சுகினு மீசையை எடுத்தா, பாக்கறவங்க சாவு வூடுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அவரு வாணாம்னு சொல்லட்டும்."

வேடியப்பன் பலகையிலிருந்து நிமிரவில்லை. "எனக்கு எவனும் பிச்சை போட வாணாம். ஆடு."

அவரிடம் மிச்சம் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான். கண்ணையனிடம் ராஜாவோடு இரண்டு யானை. இன்னும் இரண்டு நகர்த்தலில் கதை முடிந்துவிடும். முனியன் வேண்டாவெறுப்பாகக் கத்தியைத் தீட்டினான்.

கண்ணையன் யானையை எடுத்தார். டக்கென்று அந்தச் சிப்பாயை வெட்டினார்.

எல்லோரும் பலகையை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சலூனே சிரித்தது.

"யோவ், ராஜாவை ஒண்டியா வுட்டா ஆட்டம் சமம்யா. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

ஹாலந்தில் என்ன சட்டமோ, திருத்தணி ஆட்டத்தில் அதுதான் சட்டம். எதிராளிக்கு ஒரு காயாவது மிச்சம் வைத்துத்தான் ராஜாவை மடக்க வேண்டும்.

"ஒத்தைச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டுப் பட்டத்தையே வுட்டான் பாரு" என்று வேடியப்பனும் சேர்ந்து சிரித்தார். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கல்யாண வேலையைப் பார்க்கப் போனார்.

கண்ணையன் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. சோறு போடும்போது மனைவி ஜெயம்மாள் பொருமினாள்.

"இருவது வருசமா அந்தப் பலகையைக் கட்டிகினு அழறீங்க. இதுகூடவா தெரியாது? தெருவே சிரிக்குது. கெட்ட பேரும் எடுத்து, ஆட்டத்தையும் வுட்டுட்டு வந்து நிக்கறீங்க."

கண்ணையன் சாவகாசமாகச் சோற்றைப் பிசைந்தார்.

"சும்மா வுட்டா வேடியப்பண்ணன் ஏத்துக்குவாரா ஜெயம்மா? ரோசக்காரரு, தானே கத்தியை வாங்கி மழிச்சுக்குவாரு. ஊரு சிரிக்கறது ரெண்டு நாள்ல ஓஞ்சுடும். மீசை நாலு நாள்ல மொளைக்குமா?"